ஜெர்மனியில் புதிதாகக் குடியேறியவர்களின் கேள்விகள்

கேள்வி: அக்கா, ஸ்டுட்கார்ட் பக்கம் குடிவந்திருக்கிறோம். எங்கள் கதவில் யாரோ ஒரு சின்னப் பலகையை மாட்டிவிட்டார்கள். ஏதாவது புகாரா?

புகார் இல்லை தம்பி. அதுதான் கேர்வோக்கே. இந்த வாரம் மாடிப்படி பெருக்கித் துடைப்பது உங்கள் முறை. வூர்ட்டம்பெர்க் பகுதியின் பழைய வழக்கம் இது. முடித்ததும் பலகையை அடுத்த வீட்டுக் கதவில் மாட்டுங்கள். எதையெல்லாம் துடைக்க வேண்டும் என்பது வாடகை ஒப்பந்தத்தோடு தரும் ஹவுஸ்ஓர்ட்னுங் (வீட்டு விதிகள்) தாளில் இருக்கும். அதைப் படியுங்கள்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை ஏன் கடையே இல்லை?

ஞாயிறு ஓய்வு இங்கே அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. ஜெர்மனியின் பழைய அரசியல் சட்டமான 1919 வைமர் சட்டத்தின் 139ஆம் பிரிவை இன்றைய அரசியல் சட்டத்தின் 140ஆம் பிரிவு அப்படியே சேர்த்துக்கொண்டது. பால், காய்கறியைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். அவசரத்துக்குப் பெரிய ரயில் நிலையக் கடைகள் உண்டு.

கேள்வி: ஞாயிறு சுவரில் துளை போடலாமா?

கூடாது.

கேள்வி: ஞாயிறு காலிக் கண்ணாடி பாட்டிலைத் தெருத் தொட்டியில் போடலாமா?

கூடாது. உடையும் சத்தம்தான் காரணம். ஞாயிறு பற்றி இனி வரும் கேள்விகளுக்கும் இதே பதில்தான்.

கேள்வி: இந்தக் குளிரில் ஜன்னலைத் திறக்கச் சொல்கிறார் வீட்டுக்காரர். ஹீட்டர் காசு வீணாகாதா?

எல்லாரும் கேட்க வேண்டிய கேள்வி இது. இட்லி வேகும் ஆவி, சோறு கொதிக்கும் ஆவி, உள்ளே காயும் துணியின் ஈரம் எல்லாம் அறைக் காற்றில்தான் நிற்கும். அது குளிர்ந்த வெளிச்சுவரில், முக்கியமாக அலமாரிக்குப் பின்னால், நீராகப் படியும். அங்கே பூஞ்சை பிடிக்கும். அதனால் ஹீட்டரைக் குறைத்துவிட்டு, எதிரெதிர் ஜன்னல்களை முழுதாக ஐந்து நிமிடம் திறந்துவிட்டு மூடுங்கள். தினமும் மூன்று நான்கு முறை. காற்றுதான் மாறும், சுவரின் சூடு போகாது. மூடியதும் அறை சீக்கிரம் சூடாகிவிடும்.

கேள்வி: அதற்குப் பதில் ஜன்னலின் மேல்பக்கத்தை லேசாக உள்ளே சாய்த்து, நாள் முழுக்க வைத்தால் போதுமே?

போதாது. காற்று மெதுவாகத்தான் மாறும். அதற்குள் ஜன்னலைச் சுற்றிய சுவர் சில்லிட்டு, பூஞ்சை அங்கேயே ஆரம்பிக்கும்.

கேள்வி: ஒத்துக்கொள்ள மாட்டேன். வெளியே மழை. திறந்தால் ஈரம்தானே உள்ளே வரும்? அடுப்புக்கு மேல் சிம்னி வேறு இருக்கிறது.

குளிர்காற்று மழையிலும் கொஞ்ச ஈரத்தைத்தான் தாங்கும். உள்ளே வந்து சூடானதும் வறண்ட காற்றாகிவிடும். சிம்னியின் குழாய் எங்கே போகிறது என்று பாருங்கள். இங்கே பல வீடுகளில் அது வெளியே போகாது. எண்ணெயை மட்டும் வடிகட்டி, ஆவியை அறைக்கே திருப்பி விடும். எங்கள் வீட்டில் இருப்பதும் அதுதான். தாளிக்கும்போதே ஜன்னலைத் திறந்துவிடுவேன்.

கேள்வி: பானம் வாங்கும்போது பாட்டிலுக்கென்று தனியாகக் காசு வாங்குகிறார்களே, அது திரும்பக் கிடைக்குமா?

கிடைக்கும். ஒருமுறை பயன்படுத்தும் பாட்டிலுக்கு 25 சென்ட். காலி பாட்டிலை நசுக்காமல் கடை எந்திரத்தில் போடுங்கள்.

கேள்வி: சக ஊழியருக்கு நாளை பிறந்தநாள். இன்றே வாழ்த்தலாமா?

வேண்டாம், முன்கூட்டி வாழ்த்தினால் துரதிர்ஷ்டம் என்பார்கள். கேக் அவரே கொண்டுவருவார்.

கேள்வி: விசா நீட்டிப்பு?

வெளிநாட்டவர் அலுவலகத்தில் கேளுங்கள், எனக்குத் தெரிந்த துறை இல்லை.

கேள்வி: பூஞ்சை வந்தே விட்டது அக்கா. முன்பணத்தில் பிடிப்பார்களா?

உங்களால் வந்தது என்றால் பிடிக்கப் பார்ப்பார்கள். உடனே தேதியோடு படம் எடுத்து, வீட்டுக்காரருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். தாமதித்தால் பழி உங்கள் மேல் வரும். ஹவுஸ்ஓர்ட்னுங்கில் காற்றோட்டம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று இன்றே படியுங்கள். தகராறானால் உங்கள் ஊர் வாடகைதாரர் சங்கத்தில் சேருங்கள், கடிதம் எழுத உதவுவார்கள்.