விடுமுறை கடைக்கா, கடையில் நிற்பவருக்கா?

(சித்திரைத் திருவிழா முடிந்ததும் கடைப் பணியாளர்களிடமிருந்து வந்த கடிதங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே இருந்ததால், இந்த இதழின் கேள்வி-பதில் பகுதியை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.)

கேள்வி: விளக்குத்தூண் அருகே ஒரு ஜவுளிக்கடையில் நான்கு ஆண்டுகளாகச் சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்கு ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அறிவித்திருந்ததால், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஆற்றுக்குப் போய்விட்டேன். மறுநாள், "கலெக்டர் விட்ட லீவு ஆபீசுக்குத்தான், கடைக்கு இல்லை" என்று சொல்லி, இரண்டு நாள் சம்பளத்தைப் பிடித்துவிட்டார்கள். இது சரிதானா?
– வாசகி, மதுரை

பதில்: உங்கள் மேலாளர் சொன்னது சரி, செய்தது தவறு.

ஆட்சியர் அறிவிக்கும் உள்ளூர் விடுமுறை அரசு அலுவலகங்களுக்கும் கல்வி நிறுவனங்களுக்கும் உரியது. அதற்கு ஈடாகப் பின்னால் ஒரு சனிக்கிழமையை வேலை நாளாக்குவதும் அதனால்தான். 1881ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வரும் பொது விடுமுறை இதுவன்று என்று அந்த அறிவிப்பிலேயே ஒரு வரி வழக்கமாக இருக்கும்; ஊரே ஆற்றங்கரையில் நிற்கும் நாளில் வங்கி திறந்திருப்பதற்குக் காரணம் அந்த ஒரு வரிதான். தனியார் கடைகளை அந்த அறிவிப்பு கட்டுப்படுத்தாது.

உங்களுக்கு உரியது வேறொரு சட்டத்தில் இருக்கிறது. தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தேசிய மற்றும் பண்டிகை விடுமுறைகள்) சட்டம், 1958 என்பது அதன் பெயர். பெயரைப் பார்த்துவிட்டு ஆலைத் தொழிலாளிக்கு மட்டுமானது என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள், ஆனால் கடைகளும் அதில் அடக்கம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாள்களும், அவற்றோடு ஐந்து பண்டிகை நாள்களுமாக ஆண்டுக்கு ஒன்பது நாள் சம்பளத்தோடு கூடிய விடுமுறையை அது தருகிறது. அந்த ஐந்து பண்டிகைகள் எவை என்று சட்டம் சொல்லவில்லை. முதலாளியையும் பணியாளர்களையும் கலந்துகொண்டு தொழிலாளர் துறை ஆய்வாளர் குறிப்பிட வேண்டும் என்றுதான் சொல்கிறது. நடைமுறையில் அந்தக் கலந்தாலோசனை எப்படி நடக்கிறது என்பதை நீங்களே அறிவீர்கள்: சென்ற ஆண்டுப் பட்டியலில் தேதிகளை மட்டும் மாற்றி அச்செடுத்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் கையெழுத்துக்கு நீட்டுவார்கள். பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் கடையாக இருந்தால் எல்லாக் கிளைகளுக்கும் ஒரே பட்டியல் வரும். அதில் மதுரைக்கு மட்டும் உரிய அழகருக்கு இடம் கிடைப்பது கடினம். அழகர் இறங்கும் சித்ரா பௌர்ணமி 2024இல் ஏப்ரல் 23 அன்றும் 2025இல் மே 12 அன்றும் வந்ததைப் போல, இந்த நாள் ஆண்டுதோறும் நகர்ந்துகொண்டும் இருக்கும். ஆகவே பட்டியல் தயாராகும்போதே கேட்டு வாங்கினால்தான் உண்டு.

முதலில் உங்கள் கடையின் விடுமுறைப் பட்டியலைக் கேட்டுப் பாருங்கள். அழகர் இறங்கும் நாள் அதில் இருந்தால், நீங்கள் எடுத்தது உங்களுக்கு உரிய விடுமுறை. ஒரு ரூபாய்கூடப் பிடிக்கக் கூடாது. இல்லையென்றால், நீங்கள் சொல்லாமல் எடுத்த ஒரு நாள் என்று கொண்டு அந்த ஒரு நாள் சம்பளத்தைப் பிடிக்கலாம், அதற்கு மேல் முடியாது. வராத நாளுக்காகச் செய்யும் பிடித்தம் வராத காலத்தின் அளவை மீறக் கூடாது என்பதுதான் விதி. திருவிழா நாள் என்பதற்காக ஒன்று இரண்டாகிவிடாது. கூடுதலாகப் பிடித்த தொகையைக் கேட்டு எழுத்தில் ஒரு கடிதம் கொடுத்து, அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் புகார் அளிக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், நியாயமான காரணத்துக்கு ஆண்டில் 12 நாள் வரை சம்பளத்துடன் தற்செயல் விடுப்பும், நோய்க்காக 12 நாள் வரை விடுப்பும், ஓராண்டு பணி முடித்தவருக்கு மேலும் 12 நாள் விடுமுறையும் தருகிறது. அழகரைப் பார்க்கப் போவது நியாயமான காரணம் அல்ல என்று மதுரையில் யாரும் வாதிட மாட்டார்கள். முந்தின நாளே எழுதிக் கொடுத்திருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது.

கேள்வி: கீழ மாசி வீதியில் மூன்று பணியாளர்களுடன் மளிகைக் கடை நடத்துகிறேன். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முன் பின் நாள்களில்தான் எனக்கு நாலு காசு பார்க்க முடிகிறது. விடுமுறைப் பட்டியலில் உள்ள நாளில் கடையைத் திறந்தால் குற்றமா?
– வணிகர் ஒருவர், மதுரை

பதில்: குற்றமில்லை. மேலே சொன்ன 1958ஆம் ஆண்டுச் சட்டம் கடையைச் சாத்தச் சொல்லவில்லை, பணியாளருக்கு விடுமுறை கொடுக்கத்தான் சொல்கிறது. இந்த வேறுபாட்டைப் பல வணிகர்களும் கவனிப்பதில்லை. பணியாளர்களும் "கடை திறந்திருந்தால் வந்தே தீர வேண்டும்" என்று நம்பிவிடுகிறார்கள். நீங்களும் வீட்டாரும் கல்லாவில் உட்கார்ந்து வியாபாரம் பார்க்கலாம்.

பணியாளரை வரச் சொல்வதானால், குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் அறிவித்து, அதைத் தொழிலாளர் துறைக்கும் தெரிவித்து, அன்றைய வேலைக்கு இரட்டிப்புச் சம்பளமோ அன்றைய சம்பளத்தோடு சம்பளத்துடன் கூடிய மாற்று விடுமுறையோ தர வேண்டும். வேட்டி, சேலையும் ஒரு இனிப்புப் பெட்டியும் கொடுத்துவிட்டால் கணக்கு நேராகிவிட்டது என்று நினைக்கும் வழக்கம் நம் பஜாரில் உண்டு. அது உங்கள் அன்பு. சம்பளக் கணக்கில் சேராது. ஜனவரி 26, ஆகஸ்ட் 15 போன்ற நாள்களில் துறையினர் கடைகளுக்கு ஆய்வுக்கு வருவது வழக்கம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: தீபாவளிக்கு முந்திய வாரம் முழுவதும் காலை ஒன்பது மணிக்கு நின்றால் இரவு பன்னிரண்டு மணிக்குத்தான் கால் ஓய்கிறது. தீபாவளிக்கு முதல் நாள் விடிய விடிய வேலை. தீபாவளியன்று காலை வீட்டுக்கு வந்தால் எண்ணெய் தேய்த்துக் குளிக்கத் தோன்றுவதில்லை; படுத்தால் போதும் என்றிருக்கிறது. "சீசனில் சட்டம் பேசக் கூடாது" என்கிறார் எங்கள் சூப்பர்வைசர். உண்மையா?
– ஆயத்த ஆடைக் கடைப் பணியாளர், தெற்கு மாசி வீதி

பதில்: சீசனுக்கென்று தனிச் சட்டம் இல்லை. நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பதே 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் பொது அளவு. மிகை நேரத்தைச் சேர்த்தாலும் நாளுக்குப் பத்து, வாரத்துக்கு 54 என்று அது வரம்பு கட்டுகிறது. அந்த மிகை நேரத்துக்கு இரு மடங்குச் சம்பளம் தர வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து நிற்க வைக்காமல் ஒரு மணி நேர இடைவேளை தர வேண்டும். வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை உண்டு, அதற்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடைகள் இரவு பகலாகத் திறந்திருக்கலாம் என்று 2019இல் அரசு அனுமதித்தபோதுகூட, பணியாளருக்குச் சுழற்சி முறையில் வார விடுமுறை தர வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அனுமதித்தது. கடை 24 மணி நேரம் விழித்திருக்கலாம்; அதற்காக ஒரே ஆள் 24 மணி நேரமும் விழித்திருக்க வேண்டியதில்லை.

விளக்குத்தூணில் அந்த வாரத்து நெரிசலைப் பார்த்தவர் எவரும், எட்டு மணி நேரத்தில் அந்தக் கூட்டத்தை அனுப்பிவிட முடியும் என்று சொல்ல மாட்டார். ஆனால் அதற்கு வழி இரண்டு ஷிப்ட் போடுவது. தற்காலிகமாக ஆள் சேர்க்கும் கடைகள், அவர்களையும் பழைய ஆட்களோடு ஒரே நேரத்தில் நிறுத்தி வைப்பதால்தான் யாருக்கும் ஓய்வு கிடைப்பதில்லை.

நிற்பதைப் பற்றி எழுதியதால் இதையும் சொல்கிறேன்: கடைப் பணியாளர்களுக்கு இருக்கை வசதி தர வேண்டும் என்று 2021இல் நம் மாநிலச் சட்டம் திருத்தப்பட்டது. முக்காலி போட்டிருக்கிறார்கள், உட்கார்ந்தால் முறைக்கிறார்கள் என்று வேறு இரண்டு வாசகிகள் எழுதியிருக்கிறார்கள். துணிக்குவியலை வைப்பதற்காக அந்தத் திருத்தம் கொண்டுவரப்படவில்லை.

கேள்வி: எங்கள் கைப்பேசிக் கடையின் ஐந்து பண்டிகை நாள்களில் ரம்ஜானும் இல்லை, புனித வெள்ளியும் இல்லை. எங்களில் மூவர் முஸ்லிம்கள், ஒருவர் கிறிஸ்தவர். நாங்கள் என்ன செய்வது?
– டவுன் ஹால் ரோடு பணியாளர்கள்

பதில்: ஐந்து இடங்களில் பொங்கலும் தீபாவளியும் உட்கார்ந்த பிறகு மிச்சமிருப்பது மூன்று. ஆயுத பூஜையும் விநாயகர் சதுர்த்தியும் சேர்ந்தால் ஒன்று. இந்தக் கணக்கில் சிறிய எண்ணிக்கையில் இருப்பவர்கள் எப்போதும் வெளியே நிற்க நேரிடுகிறது. அதனால்தான் சட்டத்தில் உள்ள "பணியாளர்களைக் கலந்து" என்ற சொற்கள் முக்கியமானவை. பட்டியல் வரும்போது நால்வரும் சேர்ந்து எழுத்தில் கருத்துத் தெரிவியுங்கள். அது நடக்கவில்லையென்றால் தற்செயல் விடுப்பு இருக்கிறது. ரம்ஜான் பிறை பார்த்து முடிவாவதால், "இந்தத் தேதி அல்லது அடுத்த நாள்" என்று முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். இரவு எட்டு மணிக்குத் தொலைபேசியில் விடுப்புக் கேட்டு வசவு வாங்க வேண்டியிருக்காது.

காஜிமார் தெருப் பள்ளிவாசலும் கீழவாசல் மரியன்னை பேராலயமும் மீனாட்சி கோயிலும் நடந்து போகும் தொலைவில் இருக்கும் ஊரில், ஒருவர் பண்டிகைக்கு இன்னொருவர் கடை பார்த்துக்கொள்வது முதலாளிக்கும் நட்டமில்லாத ஏற்பாடு. உங்கள் முதலாளியிடம் இதைச் சட்டமாகச் சொல்லாமல் ஷிப்ட் அட்டவணையாக எழுதிக் காட்டுங்கள், சீக்கிரம் ஒப்புக்கொள்வார்.

கேள்வி: இங்கிலாந்தில் இருக்கும் என் மகன், அங்கே கிறிஸ்துமஸ் அன்று பெரிய கடைகளைத் திறக்கவே கூடாது என்று சட்டம் இருப்பதாகச் சொல்கிறான். தீபாவளிக்கு நாமும் அப்படிச் செய்தால் என்ன?
– வாசகர், திருமங்கலம்

பதில்: உங்கள் மகன் சொல்வது உண்மை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 280 சதுர மீட்டருக்கு மேல் பரப்புள்ள கடைகள் கிறிஸ்துமஸ் அன்று திறக்கக் கூடாது என்று 2004இல் சட்டம் இயற்றினார்கள். ஈஸ்டர் ஞாயிறுக்கு 1994ஆம் ஆண்டுச் சட்டமே தடை விதித்திருந்தது. சிறிய கடைகளுக்கு இந்தத் தடை இல்லை.

நம் ஊரிலும் அரசு ஆணையால் மூடப்படும் கடைகள் உண்டு. திருவள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு நாள், மகாவீரர் ஜெயந்தி, காந்தி ஜெயந்தி ஆகிய நாள்களில் மதுக்கடையும் இறைச்சிக் கடையும் மூடியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே மூடுவதற்குக் காரணம் விற்கும் பொருள். விற்பவரின் ஓய்வு அல்ல. இறைச்சி வெட்டுபவருக்கு அன்று கிடைப்பது தற்செயலாக வாய்த்த ஓய்வு, பெரும்பாலும் கூலியும் இல்லாத ஓய்வு.

தீபாவளியன்று எல்லாக் கடைகளையும் மூடச் சொல்வதை நான் ஆதரிக்க மாட்டேன். மருந்துக்கடையும் பால்கடையும் திறந்திருக்க வேண்டும். அன்றைய பூ வியாபாரத்தை நம்பியிருக்கும் பெண்ணுக்கு அந்த ஒரு நாள் பத்து நாளுக்குச் சமம். பரப்பளவை வைத்துப் பெரிய கடைகளுக்கு மட்டும் தடை விதிக்கும் ஆங்கிலேயர் முறையைப் பேசிப் பார்க்கலாம். அதற்கு முன், 1958இலேயே எழுதி வைத்த ஒன்பது நாளை முழுதாகக் கொடுக்கட்டும்.