உங்க பலகை சிடாரே இல்லைன்னு நினைக்கிறேன்

வணக்கம்ங்க. குன்னூர் மரக்கடையில ‘சிடார்’னு வாங்கின பலகை மேல டிரவுட் மீனை வெச்சு கரி அடுப்புல சுட்டீங்க, பத்து நிமிஷத்துல பலகை பத்திக்கிச்சு, மீன் பூரா டர்பன்டைன் வாடைன்னு எழுதியிருக்கீங்க. அந்த வாடைதான் துப்பு. அநேகமா அது பைன். பிசின் ஜாஸ்தி, சூடு பட்டா கசிஞ்சு கரும்புகை விடும். அந்த மீனைத் தூக்கிப் போட்டுடுங்க.

வட அமெரிக்காவோட மேற்குக் கரையில சால்மன் சுடுறது மேற்கத்திய சிவப்பு சிடார்ல. பேர்தான் சிடார், அது சைப்ரஸ் குடும்பம். இமயமலைத் தேவதாரு வேற, இங்க சிவப்பு சிடார்னு விக்கிற மதகிரிவேம்பும் வேற. ரெண்டையும் நான் மீனுக்கு வைக்க மாட்டேன்.

மேட்டுப்பாளையம் இறங்கும்போது அரை அங்குல மாம்பலகை ஒண்ணு இழைச்சு வாங்கிக்கோங்க. மருந்து, பெயிண்ட் எதுவும் படாததா இருக்கணும். சிடார் மணம் வராது, ஒத்துக்கறேன்.

ரெண்டு மணி நேரம் தண்ணியில ஊறணும். பலகை மிதக்கும், அதனால நான் மேல அம்மிக்குழவியைப் படுக்க வெச்சுடுவேன் (வீட்டம்மா முறைப்பாங்க). கரியை ஒரு ஓரமாத் தள்ளிட்டு, பலகையை மறுபக்கம் வெச்சு அடுப்பை மூடுங்க. விளிம்பு கருகிப் புகையலாம், தீ நாக்கு எழும்பினா தண்ணி தெளிங்க. கால் கிலோ மீனுக்கு இருபது நிமிஷம் ஆகும். முதுகு முள்ளுகிட்ட கத்தியால நெம்பினா சதை இதழ் இதழாப் பிரியணும். நம்மூர்க் குளிர்ல சும்மா சும்மா மூடியைத் திறக்காதீங்க, சூடெல்லாம் போயிடும்.

முடிஞ்சதும் பலகையை வாளித் தண்ணியில முக்குங்க, உள்ளுக்குள்ள கனிஞ்சுக்கிட்டே இருக்கும்.