ஷ்வேடகோன் வானத்தில் பட்டை விழாமல் இருக்க: பனோரமா கேள்வி பதில்

பனோரமா, அதாவது பல படங்களை ஒட்டி ஒரே அகலப் படமாக்குவது, எடுக்கும்போது வெளிச்சம் படத்துக்குப் படம் மாறுவது பற்றி பர்மாவின் பல ஊர்களிலிருந்து நம்மவர்கள் கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

மோல்மேன் தம்பி: அண்ணே, ரங்கூன் ஷ்வேடகோன் புத்தர் கோயில் மேடையில் நின்னு ஏழு படம் எடுத்து ஒட்டினேன். வானம் ஒட்டுப்போட்ட லுங்கி மாதிரி இருக்கு. கேமரா கோளாறா?

கோளாறு இல்லை தம்பி. ஆட்டோவில் விட்டால் கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் வெளிச்சத்துக்கு இழுக்கும். படச்சட்டம் முழுக்கத் தங்கம் பளபளத்தால் படத்தை இருட்டாக்கும். அடுத்த படத்தில் போதி மர நிழல் வந்தால் வெளிச்சத்தைக் கூட்டும். இரண்டிலும் இருப்பது ஒரே வானம்தான், ஆனால் இரண்டு நிறமாக விழும்.

அளவுகளை நாமே வைக்கும் மேனுவல் மோடுக்கு மாறு. எடுப்பதற்கு முன் காட்சி முழுவதையும் கேமரா வழியாக ஒரு சுற்றுப் பார். எது அதிகம் மின்னுகிறதோ, அங்கே வெயில் படும் தங்கத் தகடுதான், அதைச் சோதனைப் படம் எடு. ஹிஸ்டோகிராம் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தில் முட்டாதபடி ஷட்டரை (வெளிச்சம் உள்ளே வரும் நேரத்தை) வை. ஏழு படத்துக்கும் அதே அளவுதான். நிழல் கறுத்துப்போனால் ரா ஃபைலில் (கேமராவின் பதப்படுத்தாத மூலப் பதிவில்) ஓரளவு தூக்கிவிடலாம். வெளுத்துப்போன தங்கத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. அதனால்தான் நான் எப்போதும் தங்கத்தின் பக்கம் நிற்கிறேன்.

ரங்கூன் அக்கா: நான் மேனுவலில்தான் எடுத்தேன் தம்பி, அப்பவும் மாறுதே?

ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) ஆட்டோவில் இருக்கும், பாருங்கக்கா. மேனுவலிலும் அது தன் போக்கில் ஏறி இறங்கும். ஒயிட் பேலன்ஸையும் (நிறச் சமநிலையையும்) 'வெயில்' என்று நிறுத்திடுங்க, ஃபோகஸையும் பூட்டிடுங்க. அப்பெர்ச்சர் (லென்ஸ் துவார அளவு) எஃப் 8 போல இருந்தால் மூலைகள் கறுக்காது, ஒட்டும் இடம் தெரியாது.

மண்டலே தம்பி: ஊ பெயின் பாலத்தில் சூரியன் மறையும்போது ஒரே அளவு எப்படிண்ணே பொருந்தும்?

பொருந்தாதுதான். சூரியன் பக்கம் 1/1000 நொடி கேட்டால், எதிர்ப்பக்கம் 1/60 கேட்கும். நான்கு ஸ்டாப் வித்தியாசம்; ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு. ட்ரைபாடில் வைத்து ஒவ்வொரு திசையிலும் 1/1000, 1/250, 1/60 என்று மூன்று படம் எடு, பிறகு மென்பொருளில் மூன்றையும் கலந்து ஒன்றாக்கு. எல்லாத் திசையிலும் அதே மூன்றுதான். ஷட்டரை மட்டும் மாற்று, அப்பெர்ச்சரைத் தொடாதே. அடுத்தடுத்த படங்கள் மூன்றில் ஒரு பங்கு ஒன்றின்மேல் ஒன்று விழட்டும். எடுப்பதை நடுவில் நிறுத்தித் திரையைப் பார்க்காதே. நம்ம ஊரில் அந்தி சட்டென்று இறங்கிவிடும். கடைசித் துண்டு எடுப்பதற்குள் வெளிச்சமே மாறியிருக்கும்.

பெகு அண்ணன்: லென்ஸில் போலரைசர் ஃபில்டர் போட்டா வானம் நல்ல நீலமா வருமே?

கழற்றிடுங்கண்ணே. சூரியனுக்குச் செங்கோணத்தில் இருக்கிற வானம்தான் அதில் அதிகம் கறுக்கும். அகலமான படத்தில் அது நடுவானத்தில் ஒரு கரும்பட்டையாக நிற்கும்.

ரங்கூன் தங்கச்சி: என்கிட்ட போன் மட்டும்தான் இருக்குண்ணா.

அது போதும்மா. பல போன்களில் வெளிச்சமான இடத்தை விரலால் அழுத்திப் பிடித்தால் எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு) பூட்டிக்கொள்ளும். அதன்பிறகு மெதுவாகத் திருப்பு. கண்டோஜி ஏரியின் கிழக்குக் கரைக்குக் காலையில் போ. வெயில் உன் முதுகுப் பக்கம் இருக்கும், ஷ்வேடகோன் முகத்தில் நேராக விழும்.