மாஜோங்கில் எந்தக் கையைப் பிடிப்பது, எந்தக் காயைத் தள்ளிவிடுவது?

ஆட்டம் தொடங்கும் முன் மும்மூன்று காயாக மற்றவர்களோடு மாற்றிக்கொள்ளும் பாஸ் எல்லாம் முடிந்த பிறகும் கையில் சிதறல்தான் மிச்சம், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் இரண்டு வருடம் அப்படி முழித்தவள். நியூஜெர்சியில் எங்கள் குடியிருப்புப் பெண்களோடு வியாழன் மதியம் ஆடுவது, கைக்கு 25 சென்ட். அமெரிக்க முறை: 152 காய், 8 ஜோக்கர், நேஷனல் மாஜோங் லீக் வருடாவருடம் விடுகிற கார்டு (ஜெயிக்கும் கைகளின் பட்டியல்). சீன முறை ஆடுகிறவர்கள் ‘இதெல்லாம் மாஜோங்கா’ என்று ஆரம்பிக்க வேண்டாம், கேள்வியே சார்ல்ஸ்டன் என்கிற அந்தப் பாஸ் சுற்று பற்றியது. உங்கள் ஆட்டத்தில் அது கிடையாது.

என் பிரச்சினை ரம்மி. சின்ன வயதிலிருந்து ஆடிய பழக்கத்தில் 5, 6, 7 டாட் (புள்ளி போட்ட காய்) சேர்ந்து வந்தால் மனசு குளிர்ந்துவிடும். இங்கே ஒற்றை ஒற்றையாக வருவதற்கு அவ்வளவு மதிப்பில்லை. ஜோடிக்குத்தான் மதிப்பு. ஏனென்றால் ஜோக்கர் மூன்றும் அதற்கு மேலும் உள்ள கூட்டத்தில்தான் உட்காரும், ஜோடியில் உட்காராது. இதை விதியாக மனப்பாடம் செய்திருந்தேன். உறைத்தது ஒரு நாள்தான்.

அன்று எனக்கு இரட்டைப்படைக் காய் எட்டு, இரண்டு பூ (பூப் படம் போட்ட காய்), ஒரு சோப் (வெள்ளை டிராகனை அப்படித்தான் சொல்வோம்). பூ எதற்காவது ஆகும் என்று கடைசி வரை பிடித்து வைத்திருந்தேன். வலம், எதிர், இடம் முடிந்து, மறுபடி இடம், எதிர் என்று சுற்றி, கடைசி வலப் பாஸில்தான் பூ இல்லாத ஒரு 2468 (இரட்டைப்படை) கையை முடிவு செய்தேன். செய்ததும் இரண்டு பூவையும் சோப்பையும் சேர்த்து வலப்பக்கம் தள்ளிவிட்டேன். அங்கே உட்கார்ந்திருந்தவர் எண்பது வயதுப் பாட்டி. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் நான் போட்ட 7 டாட்டை எடுத்து “மாஜோங்” என்றார், அதாவது ஜெயித்துவிட்டார். அவர் காய் அடுக்கும் ரேக்கின் இடது ஓரத்தில் என்னுடைய இரண்டு பூவும். போட்டவள் என்பதால் எனக்கு 50 சென்ட் தண்டம், மற்றவர்களுக்கு 25. அன்றிலிருந்து அந்தப் பாட்டிக்கு நான் பூக்காரி.

அந்தப் பாஸில் இடப்பக்கமிருந்து வந்ததைப் பார்க்காமலே அப்படியே தள்ள அனுமதி உண்டு. ஒரு பூவை மட்டும் கொடுத்துவிட்டு மீதிக்கு அதைத் தள்ளியிருக்கலாம்.

இப்போது நான் செய்வது இதுதான். முதல் பாஸுக்கு முன் கார்டில் கையைத் தேடுவதில்லை, பிரிவைத்தான் பார்க்கிறேன்: இரட்டைப்படையா, ஒற்றைப்படையா, தொடர் எண்ணா, காற்றா. ஜோடிகள் எங்கே அதிகமோ அங்கே போவேன். முதல் சுற்று முடியும்வரை இரண்டு பிரிவு, அப்புறம் ஒன்று. மூன்று ஜோக்கர் வந்தால் ‘ஒற்றை-ஜோடி’ப் பிரிவை ஏறிட்டும் பார்ப்பதில்லை, அங்கே ஜோக்கருக்கு வேலையே கிடையாது. எந்தக் காயையும் ஜோடியாகத் தள்ளுவதில்லை. ஒரே பூவில் விளையாட்டு போகுமா என்று சிலர் சிரிக்கலாம். 50 சென்ட் கொடுத்தவள் நான்.

இன்னொன்று, கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். வீட்டுக்கு வீடு மாறும் இந்த ஆட்டத்தில் என் முறை வந்தால் மட்டும் எல்லாரும் சமோசா கேட்கிறார்கள். நான் மதுரைக்காரி. ஆறு வருடமாகச் சுழியன், முறுக்கு, இட்லி எல்லாம் வைத்தாயிற்று. போன வாரமும் பூக்காரியிடம் பாட்டி கேட்டது, “சமோசா எங்கே?”