பல்வலிக்கு யார் சாட்சி? இல்முல் ஹுளூரி பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ஹஜ்ரத், இல்முல் ஹுளூரி என்றால் என்ன? எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

பதில்: நடு இரவில் பல் வலிக்கிறது. கன்னத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். வலிக்கிறது என்பதை எதை வைத்துத் தெரிந்துகொண்டீர்கள்? எதையும் வைத்து இல்லை. வலி இருப்பதும் அதை நீங்கள் அறிவதும் ஒன்றேதான். இப்படி இடையில் எதுவும் இல்லாமல் நேராக அறிவதுதான் ஹுளூரி. காலையில் மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்த்து, "கடைவாய்ப்பல் சொத்தை" என்கிறார். அவருக்குக் கிடைத்தது படத்தின் வழியே வந்த அறிவு, அது ஹுஸூலி. படம் ஏமாற்றலாம்.

கேள்வி: கையை இழந்தவருக்கும் விரல் வலிக்கிறதாமே? அப்போது ஹுளூரியும் பொய்க்குமா?

பதில்: நல்ல கேள்வி. வலி பொய்யில்லை. "விரலில்" என்று மனம் சேர்த்துக்கொண்டதுதான் பொய்.

கேள்வி: இதை முதலில் சொன்னவர் யார்?

பதில்: விதை போட்டவர் தத்துவ அறிஞர் இப்னு சீனா (980–1037). வெட்டவெளியில் மிதக்கும் ஒரு மனிதன். கண் மறைக்கப்பட்டிருக்கிறது, கைகால்கள் ஒன்றையொன்று தொடவில்லை. அவனுக்கும் "நான் இருக்கிறேன்" என்பது தெரியும் என்றார். அதைத் தனித் தத்துவமாக வளர்த்தவர் ஷிஹாபுத்தீன் ஸுஹ்ரவர்தி. 1191 வாக்கில் சிரியாவின் ஹலபில் (அலெப்போ) கொல்லப்பட்டபோது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. (ஸுஹ்ரவர்தி தரீக்கா என்ற ஸூஃபி வழியின் உமர் ஸுஹ்ரவர்தி வேறு, பலரும் குழப்பிக்கொள்கிறார்கள்.) ஷிஹாபுத்தீனின் வாதம் எத்தனை முறை படித்தாலும் என்னை உலுக்கும்: என்னை ஓர் உருவத்தின் வழியே அறிகிறேன் என்றால், அந்த உருவம் எனக்கு "அது"தான், "நான்" ஆகாது. அது என்னுடைய உருவம் என்று கண்டுகொள்ளவே என்னை முன்பே தெரிந்திருக்க வேண்டும்!

கேள்வி: மார்க்க அறிஞர் இமாம் கஸ்ஸாலி, எதையும் உறுதியாக அறிய முடியுமா என்ற ஐயத்திலிருந்து மீண்டதும் இப்படித்தானா?

பதில்: கிட்டத்தட்ட இரண்டு மாதம் தவித்தவர், வாதத்தால் அல்ல, அல்லாஹ் நெஞ்சில் இட்ட ஒளியால் மீண்டேன் என்கிறார். ஆனால் அவருக்குத் திரும்பக் கிடைத்தது, மூன்றைவிடப் பத்து பெரிது என்பது போன்ற அடிப்படை உண்மைகளின் மேல் இருந்த உறுதி. அதையும் ஹுளூரியையும் கலக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் ஷைகு (ஆன்மிக குரு) "உண்மையை நான் நேரில் கண்டேன்" என்கிறார். ஹுளூரிக்கு ஆதாரம் தேவையில்லையென்றால், அவர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. கண்டது அவரிடம் இருக்கிறது. உங்களிடம் வந்தது சொல். சொல்லாக மாறியதுமே அது ஹுஸூலி, ஆதாரம் கேட்கலாம். தாம் எழுதியவற்றைச் சிந்தனையால் முதலில் அடையவில்லை, பிறகே அவற்றுக்குச் சான்று தேடினேன் என்று ஸுஹ்ரவர்தியே 1186-இல் முடித்த "ஹிக்மத்துல் இஷ்ராக்" என்ற நூலின் முன்னுரையில் சொல்கிறார். உங்கள் ஷைகிடமும் அதபோடு (மரியாதையோடு) சான்று கேளுங்கள்.