ஷீல்டைப் புடிக்கிறது ஈஸி, விடுறதுதான் கஷ்டம்: ஸ்மாஷ் அல்டிமேட் கேள்வி பதில்

நிண்டெண்டோவோட சண்டை கேம் சூப்பர் ஸ்மாஷ் ப்ரோஸ் அல்டிமேட்ல ஷீல்ட் (பட்டனைப் புடிச்சா அடியைத் தடுக்கிற குமிழி) பத்தி என்ன டவுட் இருந்தாலும் கேளுங்கன்னு சொன்னேன், குவிஞ்சிருச்சு. ஒரே மாதிரி வந்ததை எல்லாம் சேர்த்துட்டேன். 60 ஃப்ரேம் (திரையில மாறுற ஒவ்வொரு படமும் ஒரு ஃப்ரேம்) ஒரு செகண்ட், அதை மட்டும் மனசுல வச்சுக்கிட்டுப் படிங்க.

கே: அண்ணா, நான் எப்பவும் ஷீல்ட் போட்டுட்டுதான் இருக்கேன், அப்படியும் உடைஞ்சிடுது, ஏன்?

ப: எப்பவும் போட்டுட்டு இருக்கிறதாலதான் தம்பி உடையுது. ஷீல்டுக்கு மொத்தமே 50 ஹெல்த். யாரும் தொடலைன்னாலும் சும்மா புடிச்சிட்டு இருந்தா ஃப்ரேமுக்கு 0.15 கரையும், அஞ்சரை செகண்ட்ல காலி. விட்டா ஏறுறது 0.08 தான், முழுசா நிரம்ப பத்து செகண்டுக்கு மேல ஆகும். நம்ம பேங்க் பேலன்ஸ் மாதிரிதான், இறங்குற வேகம் ஏறும்போது இருக்காது. அதுலயும் நீ ஜிக்லிபஃப் கேரக்டரை ஆடுறவனா இருந்தா ஷீல்ட் உடைஞ்சதும் நேரா மேல பறந்து செத்துடும், பாத்துக்கோ.

கே: ப்ரோ, பேரி (கரெக்டான நேரத்துல அடியைத் தட்டி விடுறது) வரவே மாட்டேங்குது. கரெக்டா அடி வர்ற நேரத்துலதான் பட்டனை அமுக்குறேன்.

ப: அங்கதான் தப்பே. 2001ல வந்த பழைய ஸ்மாஷ் கேம் மெலீல அமுக்குற நேரம்தான் கணக்கு, அல்டிமேட்ல விடுற நேரம். பட்டனை விட்டதும் முதல் 5 ஃப்ரேமுக்குள்ள அடி விழுந்தா பேரி. ஆனா ஷீல்ட் முழுசா இறங்க 11 ஃப்ரேம் ஆகும், அதனால சீக்கிரம் விட்டுட்டா மிச்ச ஃப்ரேம்ல திறந்த வீடு மாதிரி நின்னு வாங்கிக்கட்டிக்க வேண்டியதுதான். லேட்டா விட்டா வெறும் ஷீல்ட்ல படும், பெரிய நஷ்டம் இல்ல, ஸோ புதுசா பழகுறவங்க லேட் பக்கமே தப்பு பண்ணுங்க. ட்ரெயினிங் மோட்ல ஸ்பீடைக் குறைச்சு வச்சு ஒரே ஒரு அடியை மட்டும் எடுத்து பழகுங்க, நான் மரியோவோட ஃபார்வர்ட் ஸ்மாஷை (முன்னாடி போடுற பலமான அடி) வச்சுதான் கத்துக்கிட்டேன். ஆன்லைன்ல லேக் இருந்தா பேரியை மறந்துடுங்க. கிராபை (ஆளைப் புடிக்கிறதை) எப்படியும் பேரி பண்ண முடியாது.

கே: ஸ்ட்ரீட் ஃபைட்டர் பேரியும் இதுவும் ஒண்ணா?

ப: பேர்தான் ஒண்ணு. ஸ்ட்ரீட் ஃபைட்டர் வரிசையில வர்ற தேர்ட் ஸ்ட்ரைக்ல அடி வர்ற பக்கம் ஸ்டிக்கை முன்னாடி தட்டணும். 2004 ஈவோ டோர்னமென்ட்ல ஜஸ்டின் வாங்கோட சுன்-லீ கேரக்டர் போட்ட சூப்பர் அட்டாக்கை டைகோ உமெஹாரா ஒரு அடி விடாம பேரி பண்ணாரே, அது அந்த கேம். இன்னும் பாக்கலைன்னா முதல்ல போய் அதைப் பாரு.

கே: ஷீல்ட்ல அடி வாங்கினதும் உடனே கிராப் போடுறேன், ஆனா எதிராளி தப்பிச்சிடுறான்.

ப: அடி பட்ட ஷீல்ட்ல இருந்து கிராப் போட்டா 4 ஃப்ரேம் எக்ஸ்ட்ரா லேட் ஆகும், அதான். ஷீல்டை விட்டுட்டு அடிக்கப் போனா அந்த 11 ஃப்ரேம் வேற இடிக்கும். ஆனா ஜம்ப், அப் ஸ்மாஷ் (மேல் பக்கம் போடுற ஸ்மாஷ்), அப் பி (ஸ்டிக்கை மேல தள்ளி பி பட்டன்) இந்த மூணுக்கும் ஷீல்டை இறக்கவே வேணாம், அப்படியே பண்ணலாம். மரியோ அப் பி 3 ஃப்ரேம்ல அடிச்சிடும், அதுக்கே பாதி பேர் பக்கத்துல வரப் பயப்படுவாங்க. உன் கேரக்டருக்கு எது வேகம்னு பாத்து அதை மட்டும் கைக்குக் கொண்டு வா.

கே: ஷீல்ட் சின்னதாகி கால்ல அடி விழுது. அக்கா சொன்னாங்க டில்ட் பண்ணணும்னு (ஷீல்டைச் சாய்க்கணும்னு), ஆனா நான் பண்ணா ரோல் (உருண்டு தப்பிக்கிறது) போயிடுது.

ப: அக்கா சொன்னது சரிதான். ஷீல்டோட பி பட்டனையும் சேர்த்துப் புடிச்சுக்கிட்டு ஸ்டிக்கைக் கீழ சாய், ரோல் போகாது.

கே: ரோல் அடிச்சே ஆடக்கூடாதா?

ப: ஆடலாம், ரெண்டு தடவை. அடுத்தடுத்து அடிச்சா ரோலே மெதுவாகிட்டே போகும், அப்புறம் எதிராளி டீ குடிச்சிட்டு வந்து கூட ஸ்மாஷ் சார்ஜ் பண்ணலாம்.