உரமும் தண்ணியும் எங்க போகுது? விளைச்சல், மண், சுற்றுச்சூழல் பத்தி கேள்வி பதில்

மண் வளம், உர மேலாண்மை, இதுதான் என் வேலை. கேளுங்கன்னு சொன்னதும் நெறைய கேள்வி வந்துடுச்சு. ஒரே மாதிரி இருந்ததை சேர்த்து பதில் சொல்லிருக்கேன்.

கேள்வி: அக்கா, சுற்றுச்சூழலை பாத்தா விளைச்சல் குறையும், விளைச்சலை பாத்தா மண்ணும் தண்ணியும் கெடும், ரெண்டுல ஒன்னுதான்னு எல்லாரும் சொல்றாங்க. அப்படித்தானா?

பதில்: பாதி உண்மை தம்பி. சில விஷயத்துல நிஜமாவே ஒன்னை விட்டாத்தான் இன்னொன்னு, அதை கீழ சொல்றேன். ஆனா வயல்ல இருந்து வர்ற கெடுதல்ல பெரிய பங்கு விளைச்சலுக்காக நடக்கல, வீணாப் போறதால நடக்குது. தழைச்சத்தையே, அதாவது நைட்ரஜனையே எடுத்துக்கோங்க, உலக அளவுல பயிருக்கு போடுறதுல ஏறக்குறைய பாதிதான் அறுவடையில திரும்ப வருது. மிச்சத்துல கொஞ்சம் மண்ணுல தங்கும், கொஞ்சம் அம்மோனியாவா காத்துல போயிடும், கொஞ்சம் நைட்ரேட்டா மாறி தண்ணியோட எறங்கி கிணறு, ஆறு, கடல்னு போய்ச் சேரும். மெக்சிகோ வளைகுடால வருஷா வருஷம் ஆக்சிஜன் ரொம்ப குறைஞ்ச ஒரு பகுதி உருவாகுதே, அதுக்கு முக்கிய காரணம் மிசிசிப்பி ஆறு வயல்கள்ல இருந்து அள்ளிட்டு வர்ற தழைச்சத்தும் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்)தான், 2017ல அது சுமார் 22,700 சதுர கிலோமீட்டருக்கு விரிஞ்சுது. இன்னும் ஒரு சின்ன பங்கு நைட்ரஸ் ஆக்சைடா மேல போகுது, அதே எடை கார்பன் டை ஆக்சைடை விட 100 வருஷ கணக்குல சுமார் 273 மடங்கு அதிகமா சூடேத்தும். இப்படி போன உரத்துல ஒரு மணி தானியம் கூட கிடைக்கல, ஆனா காசு குடுத்து வாங்கினதுதானே அதுவும். அதனால இயற்கையா சோறா னு சண்டை போடுறதுக்கு முன்னாடி இந்த ஒழுகலை அடைக்கணும்ங்கறதுதான் என் கட்சி.

கேள்வி: சொல்றது ஈஸி மேடம். உரத்தை குறைச்சு விளைச்சல் விழாம எங்கயாவது பெரிய அளவுல நடந்திருக்கா?

பதில்: நடந்திருக்கு சார். சீனால 2005ல இருந்து 2015 வரைக்கும் சுமார் 2 கோடியே 9 லட்சம் சிறு விவசாயிகளை வச்சு நெல், கோதுமை, மக்காச்சோளம் மூணுலயும் செஞ்சாங்க. விளைச்சல் சராசரியா 11 சதவீதம் கூடுச்சு, தழைச்சத்து பயன்பாடு 15ல இருந்து 18 சதவீதம் வரைக்கும் குறைஞ்சுது. ரெண்டும் ஒரே நேரத்துல. அவங்க கிட்ட மாய மருந்து எதுவும் இல்ல, அந்தந்த இடத்து மண்ணு, மழை, நடவு தேதி பாத்து சிபாரிசை மாத்துனாங்க, அதை ஆயிரக்கணக்கான விஞ்ஞானிகளும் விரிவாக்க ஊழியர்களும் வயலுக்கே போய் விவசாயி கூட நின்னு செஞ்சு காட்டுனாங்க. என்னைக் கேட்டா அந்த கூட நின்னதுதான் பெரிய விஷயம், நோட்டீஸ் குடுத்துட்டு வந்திருந்தா இது நடந்திருக்காது.

வயல்ல என்ன செய்யணும்னா, யூரியாவுல 46 சதவீதம் தழைச்சத்து, அது வேகமா கரையும், நாத்து வேர் புடிக்கறதுக்குள்ள மொத்தத்தையும் அடியுரமா கொட்டுனா அதை எடுத்துக்க அங்க வேரே கிடையாது. பிரிச்சு போடுங்க, தூர் கட்டுற நேரம், கதிர் உருவாகுற நேரம்னு பயிர் கேக்குறப்ப குடுங்க. நெல்லுன்னா இலை வண்ண அட்டையை இலை மேல வச்சு பாத்துட்டு நிறம் வெளுத்தா மட்டும் போடுங்க. கனமழை வரும்னு தெரிஞ்சா அன்னைக்கு கையே வைக்காதீங்க.

கேள்வி: அப்ப ரசாயன உரத்தையே மொத்தமா நிறுத்திட்டு எல்லாரும் ஆர்கானிக் போயிட்டா முடிஞ்சுது, ஏன் அதை சொல்ல மாட்டேங்குறீங்க?

பதில்: ஆர்கானிக் பண்றவங்க மேல எனக்கு ரொம்ப மரியாதை உண்டு, மண்ணுல கரிமச்சத்து, உயிர்ப்பு எல்லாம் அவங்க வயல்ல பெரும்பாலும் நல்லா இருக்கும். ஆனா நூத்துக்கணக்கான ஒப்பீடுகளை சேர்த்து பாத்ததுல ஆர்கானிக் விளைச்சல் சராசரியா 20ல இருந்து 25 சதவீதம் வரைக்கும் குறைவா வருது. பயறு வகைல இந்த இடைவெளி கம்மி, நல்ல பயிர் சுழற்சி இருந்தா இன்னும் சுருங்கும், தானியத்துல அதிகம். அந்த குறையை ஈடு கட்ட இன்னும் நிலம் வேணும்னா அது எங்க இருந்து வரும், காட்டுல இருந்தும் புல்வெளில இருந்தும்தான். இலங்கைல 2021ல ரசாயன உர இறக்குமதியை திடீர்னு தடை பண்ணாங்க, அதே வருஷம் நவம்பர்லயே தளர்த்த வேண்டியதாச்சு, அந்த போகத்துல நெல் விளைச்சல் பெருசா விழுந்துடுச்சு, சாதாரண குடும்பங்கதான் அடி வாங்குச்சு. நோக்கம் தப்பு இல்ல. ஆனா மண்ணு ஒரு உத்தரவுல மாறாது, பல வருஷம் வேணும், அதுவரைக்கும் தழைச்சத்து எங்க இருந்து வரும்னு கணக்கு போடாம செய்யக்கூடாது.

நான் சொல்றது நடுவழிதான். பயிருக்கு நடுவுல ஒரு பயறு, இல்ல தக்கைப்பூண்டு, சணப்பு மாதிரி பசுந்தாள் போட்டு மடக்கி உழுங்க, வேர் முடிச்சுல இருக்குற ரைசோபியம்ங்கற பாக்டீரியா காத்துல இருந்தே தழைச்சத்தை புடிச்சு குடுக்கும், அந்த அளவுக்கு யூரியாவை குறைங்க.

கேள்வி: தொழு உரம் எவ்வளவு போட்டாலும் கெடுதல் இல்லைதானே?

பதில்: இல்லீங்க, அதுவும் அளவுதான். அதுல இருக்குற தழைச்சத்தும் கடைசில நைட்ரேட்டாத்தான் மாறும், மிஞ்சினா அதே கிணத்துக்குத்தான் எறங்கும். தழைச்சத்து தேவைக்கு கணக்கு பண்ணி கொட்டுனா மணிச்சத்து தேவைக்கு மேல சேந்துடும்.

கேள்வி: நெல் வயல்ல மீத்தேன் வருதுன்னு சொல்றாங்க. அப்ப நெல்லே போடக்கூடாதா? சோறு தின்னாம எப்படிக்கா?

பதில்: யாரும் சோத்தை விட வேண்டாம் மா. தண்ணி எப்பவும் நின்னா மண்ணுக்குள்ள காத்து போகாது, காத்து இல்லாத எடத்துல வாழுற நுண்ணுயிர் மக்குற பொருளை தின்னு மீத்தேனை விடும். வயலை நடுநடுவுல காய விட்டா அந்த நுண்ணுயிர் வேலை நின்னுடும், அவ்வளவுதான் விஷயம். இதுக்குத்தான் காய்ச்சலும் பாய்ச்சலும் முறை. ஒரு அடி நீள குழாய்ல பாதிக்கு ஓட்டை போட்டு அந்த பாதியை மண்ணுக்குள்ள இறக்குங்க, உள்ள இருக்குற மண்ணை எடுத்துட்டா வயலோட நீர்மட்டம் கண்ணுக்கு தெரியும். மட்டம் தரைக்கு கீழ 15 சென்டிமீட்டர் எறங்குற வரைக்கும் பேசாம இருங்க, அப்புறம் பாய்ச்சுங்க. நட்டு ரெண்டு வாரம் கழிச்சு ஆரம்பிக்கலாம், பூக்குற நேரத்துல மட்டும் காய விடாதீங்க, அப்ப தண்ணி நிக்கணும். ஒழுங்கா செஞ்சா மீத்தேன் சுமார் பாதியா குறையும், பாசன தண்ணி 15ல இருந்து 30 சதவீதம் வரைக்கும் மிச்சம், விளைச்சல் விழாது. காய்ஞ்சு நனையுறப்ப நைட்ரஸ் ஆக்சைடு கொஞ்சம் கூட வாய்ப்பு இருக்கு, அதனால உர அளவையும் சேர்த்து கவனிக்கணும், கூட்டி கழிச்சு பாத்தா லாபம்தான். உலகத்துல மனுஷன் எடுக்குற நல்ல தண்ணில சுமார் 70 சதவீதம் விவசாயத்துக்குத்தான் போகுது, அதனால இந்த மிச்சத்தை சின்னதா நெனைக்காதீங்க.

கேள்வி: பூச்சி மருந்து அடிக்காம விட்டா ஒரே வாரத்துல வயலே போயிடும், அனுபவத்துல சொல்றேன். இதுக்கு என்ன சொல்றீங்க?

பதில்: உங்க பயம் நியாயம் அண்ணே, நானும் கருகிப்போன வயலை பாத்திருக்கேன். ஆனா நெல்லு சாறை உறிஞ்சுற பூச்சியான புகையானை எடுத்துக்கோங்க, அது முட்டையை இலை உறைக்குள்ள சொருகி வைக்கும், மருந்து அங்க சரியா எட்டாது. வெளிய திரியுற சிலந்தி, முட்டையை உறிஞ்சி தின்னுற சின்ன நாவாய்ப்பூச்சி எல்லாம் மருந்துல செத்துடும், முட்டை பொரிச்சு வர்றப்ப அதை தின்ன ஆள் இருக்காது. இன்னும் அடிச்சா இன்னும் வரும். இந்தோனேசியால இப்படித்தான் 80கள்ல புகையான் வெடிச்சுது, 1986ல நெல்லுக்கு 57 பூச்சி மருந்துகளை தடை பண்ணிட்டு, மானியத்தையும் படிப்படியா நிறுத்திட்டு, விவசாயிகளுக்கு வயல்லயே பூச்சியை எண்ண சொல்லிக் குடுத்தாங்க. மருந்து குறைஞ்சுது, நெல் உற்பத்தி குறையல. மருந்தே கூடாதுன்னு சொல்லல. எண்ணிப் பாத்து, பொருளாதார சேத நிலையை, அதாவது மருந்து செலவை விட பூச்சியால வர்ற நஷ்டம் கூடுற அளவை தாண்டுனா, தாண்டுன எடத்துல மட்டும் அடிங்க, காலண்டர் பாத்து அடிக்காதீங்க. வரப்புல தட்டைப்பயறு, சூரியகாந்தி நாலு நட்டு வச்சா பொறிவண்டுக்கும் தேனீக்கும் எடம் கிடைக்கும்.

கேள்வி: ஒன்னை விட்டாத்தான் இன்னொன்னு கிடைக்கும்னு சொன்னீங்களே, எதுல?

பதில்: எனக்கு தூக்கத்தை கெடுக்குற விஷயம் உழவுதான். உழாம விட்டு, வைக்கோல் மாதிரி பயிர்க்கழிவால மண்ணை மூடுற மூடாக்கோட விதைச்சா மண் அரிப்பு ரொம்ப குறையும், ஒரு அங்குல மேல்மண் உருவாக சில நூறு வருஷம் ஆகும்ங்கறப்ப அது சாதாரண விஷயமில்ல. 1930கள்ல அமெரிக்க சமவெளில புல்லை எல்லாம் உழுது போட்ட பிறகு வறட்சி வந்து மண்ணே புழுதிப்புயலா பறந்துச்சு. ஆனா உழலைன்னா களை வரும், பெரிய பண்ணைங்க அதுக்கு களைக்கொல்லியைத்தான் நம்புது, அதையே திரும்ப திரும்ப அடிச்சு இப்ப அதுக்கு மசியாத களை பெருகிடுச்சு. மண்ணா, ரசாயனமா? நான் மண் பக்கம்தான் நிப்பேன், சரிவான நிலத்துல உழாதீங்கன்னு சொல்வேன், களையை மூடுபயிர் போட்டு அமுக்கி, முடியலைன்னா நாலஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை மேலோட்டமா உழுங்க. இதுல முழு திருப்தி எனக்கே கிடையாது.

காடும் அப்படித்தான். விளைச்சல் கூடுனா காடு தானா தப்பிச்சுடும்னு நெனைக்கறது தப்பு, லாபம் கூடுனா இன்னும் வெட்டத்தான் தோணும். பிரேசில்ல 2006ல புதுசா வெட்டுன அமேசான் காட்டு நிலத்து சோயாவை வாங்க மாட்டோம்னு வியாபாரிங்க ஒப்பந்தம் போட்ட பிறகுதான் அங்க சோயாவுக்காக காடு வெட்டுறது பெருசா குறைஞ்சுது, சோயா பரப்பு ஏற்கனவே வெட்டுன நிலத்துல கூடிக்கிட்டேதான் இருந்துச்சு. விளைச்சலோட ஒரு வேலியும் வேணும்.

கேள்வி: எனக்கு நிலமே இல்ல, நான் சாப்பிடுற ஆளு மட்டும்தான். என் பங்கு?

பதில்: வீணாக்காதீங்க. உலகத்துல விளையுற உணவுல சுமார் மூணுல ஒரு பங்கு வயலுக்கும் தட்டுக்கும் நடுவுல போயிடுது, அதுக்கு போட்ட உரம், தண்ணி எல்லாம் சேர்த்துத்தான் போகுது.

கேள்வி: கேக்க நல்லா இருக்கு, ஆனா தப்பாப் போனா நஷ்டம் எனக்குத்தானேக்கா. எங்க ஆரம்பிக்க?

பதில்: முழு வயல்ல ஆரம்பிக்காதீங்க, அந்த பயம் சரியான பயம். முதல்ல மண் பரிசோதனை. அப்புறம் ஒரே வயல்ல ஒரு பட்டை மட்டும் குச்சி நட்டு பிரிச்சு அதுல தழைச்சத்தை அஞ்சுல ஒரு பங்கு குறைச்சு போடுங்க, மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும், தண்ணி ஒரு பட்டைல இருந்து இன்னொன்னுக்கு ஓடாம நடுவுல சின்ன வரப்பு வச்சுக்கோங்க. அறுவடை அன்னைக்கு ரெண்டையும் கலக்காம தனித்தனியா எடை போட்டு, எவ்வளவு பரப்புல எடுத்ததுங்கறதையும் சேர்த்து எழுதி வைங்க. எடை ஒன்னா இருந்தா அடுத்த போகத்துல அந்த பட்டையை கொஞ்சம் அகலமாக்குங்க, குறைஞ்சா பழைய அளவுக்கே போயிட்டு போடுற நேரத்தை மட்டும் மாத்திப் பாருங்க.